செவலைக் குதிரையின் நிறத்தை எங்கே பார்ப்பது?

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தையும் அதனுடன் வந்த ஏழு படங்களையும் பொறுமையாகப் பார்த்தேன். மற்ற வாசகர்களுக்காகக் கடிதத்தின் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் ஒன்பது வயதுப் பெண்குதிரை ஒன்று இருக்கிறது. அதன் அடையாள ஆவணத்தில் நிறம் 'செஸ்ட்நட்', அதாவது மயிரில் கறுப்பு இல்லாத சிவப்பு, என்று எழுதப்பட்டுள்ளது. வெயில் காலத்தில் துலக்கிய செம்புபோல மின்னும் அதன் உடல், குளிர் காலத்தில் கரும்பழுப்பாக மாறிவிடுகிறது. செஸ்ட்நட் நிறப் பொலிகுதிரை ஒன்றோடு இணைசேர்த்ததில் ஆறு வாரங்களுக்கு முன்பு அது குட்டி ஈன்றது. குட்டியின் உடல் மணல் நிறம், கால்கள் ஏறக்குறைய வெளுத்தவை, முதுகின் நடுவே மங்கலான ஒரு கோடு. பார்க்க வந்த மூவரில் ஒருவர் குட்டியை வெளிறிய செம்மணல் நிறமான 'ரெட் டன்' என்றார், இன்னொருவர் 'பே', அதாவது உடல் சிவந்து பிடரியும் வாலும் கீழ்க்கால்களும் கறுத்த நிறம், என்றார், மூன்றாமவர் தாயே செஸ்ட்நட் அல்ல, 'சோரல்' என்றார். பே என்று சொன்னவர், அப்படியானால் தந்தை வேறொரு குதிரையாகத்தான் இருக்கவேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனதால், இணைசேர்த்த நாளில் பொறுப்பிலிருந்த லாயப் பணியாளர்மீது உங்கள் வீட்டில் சந்தேகம் எழுந்திருக்கிறது. குட்டியின் ஆவணத்தில் எந்த நிறத்தை எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

குதிரைகளுக்கு மருத்துவம் பார்ப்பதோடு அவற்றின் அடையாள ஆவணங்களை நிரப்பும் வேலையையும் 22 ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி. நிறத்தைப் பற்றியதுதானே என்று பலர் இதை இலேசாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு பணியாளரின் நேர்மை இதில் மாட்டிக்கொண்டிருப்பதால் நான் அப்படி எடுத்துக்கொள்ளப் போவதில்லை. நானே ஒருமுறை இதே இடத்தில் தவறியிருக்கிறேன் என்பதும் ஒரு காரணம். அதைப் பின்னர் சொல்கிறேன்.

செவலை என்ற நம் சொல் அழகானது. துருவின் நிறம், செம்பின் நிறம், செங்கல்லின் நிறம், ஈரலின் நிறம் எல்லாவற்றையும் அது ஏற்றுக்கொள்ளும். ஆனால் குதிரையின் ஆவணத்துக்கு அது போதாது, ஏனென்றால் செவலையாகத் தோன்றும் இரண்டு குதிரைகளின் உடலுக்குள் அடிப்படையே வேறாக இருக்கலாம். மூன்று பேர் மூன்று பெயர் சொன்னதற்குக் காரணம், மூவரும் உடலின் சிவப்பைப் பார்த்து அந்தச் சிவப்புக்குப் பெயர் தேடியதுதான். சிவப்பின் சாயல் பருவத்தோடு மாறும், வயதோடு மாறும், வெயிலில் வெளுக்கும், வியர்வையில் கருக்கும், மயிரை ஒட்டக் கத்தரித்துவிட்டால் ஒரே நாளில் வேறொன்றாகிவிடும். கண்ணில் முதலில் படும் அந்தச் சாயலைக் கடைசியில்தான் பார்க்கவேண்டும். முதலில் பார்க்கவேண்டியது கறுப்பு இருக்கிறதா இல்லையா என்பதை. அதையும் உடலின் ஓரங்களில் பார்க்கவேண்டும்.

ஏன் ஓரங்களில் என்பதைச் சற்று விளக்குகிறேன். குதிரையின் மயிரில் இரண்டே வகை நிறமிகள் உள்ளன. ஒன்று கறுப்பு நிறமியான யூமெலனின், மற்றொன்று சிவப்பு நிறமியான ஃபியோமெலனின். நிறமியைச் சுரக்கும் செல்லின் மேல் எம்சி1ஆர் என்ற ஏற்பி ஒன்று இருக்கிறது. அது வேலை செய்தால் செல் கறுப்பு நிறமியை உண்டாக்கும், வேலை செய்யாவிட்டால் சிவப்போடு நின்றுவிடும். இந்த ஏற்பிக்கான மரபணுவின் இரு படிகளும், அதாவது தாயிடமிருந்து வந்த ஒன்றும் தந்தையிடமிருந்து வந்த ஒன்றும், பழுதாக இருக்கும் குதிரைதான் செஸ்ட்நட். அதன் தோல் கறுப்பாகத்தான் இருக்கும், ஆனால் மயிரில் மட்டும் கறுப்பு இராது. இந்த மாற்றம் 1996-ல் கண்டறியப்பட்டது. பே குதிரையிலோ ஏற்பி நன்றாக வேலை செய்கிறது. அகூட்டி எனப்படும் வேறொரு மரபணுவின் புரதம் அதை உடலின் நடுப்பகுதியில் அடக்கிவைக்கிறது. அதனால் உடல் சிவந்து, அடக்குமுறை எட்டாத பிடரி, வால், காலின் கீழ்ப்பகுதி, காதோரம் ஆகிய இடங்களில் கறுப்பு தங்கிவிடுகிறது. ஒரு பே குதிரையின் உடலும் ஒரு செஸ்ட்நட் குதிரையின் உடலும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் அச்சாக ஒரே சிவப்பாக இருக்கக்கூடும். வேறுபாட்டை ஓரங்கள்தான் சொல்லும்.

ஆகவே நான் குதிரையின் முன் நின்றதும் முதலில் குனிந்து காலைத்தான் பார்ப்பேன். குளம்புக்கு மேலிருந்து முழங்கால்வரை கறுப்பு ஏறியிருந்தால் அது பே. சில பே குதிரைகளில் இந்தக் கறுப்பு கணுக்கால் மூட்டோடு நின்றுவிடும், மேலே சிவப்பு தொடங்கிவிடும். தூரத்திலிருந்து பார்ப்பவர் அதைச் சேறு என்று நினைத்துக் கடந்துவிடுவார். செஸ்ட்நட் குதிரையின் கீழ்க்கால் உடலின் நிறத்திலேயே இருக்கும், அல்லது அதைவிடச் சற்று வெளிறியிருக்கும். நான்கு கால்களிலும் முழங்கால்வரை வெள்ளை இருந்தால்தான் தொல்லை. அந்த வெள்ளை, கறுப்பு இருந்திருக்கவேண்டிய இடத்தையே மூடிவிடுகிறது. அப்போது காதுக்குப் போகவேண்டும். காதின் விளிம்பைப் பின்புறமிருந்து விரலால் மெதுவாகத் தள்ளி, நுனியிலிருந்து அடிவரை ஒரு முறை பாருங்கள். பே குதிரைக்கு அங்கே மை தீட்டியதுபோல ஒரு மெல்லிய கறுப்பு விளிம்பு இருக்கும். செஸ்ட்நட்டுக்கு அந்த இடமும் சிவப்பாகவோ பழுப்பாகவோதான் இருக்கும். வெள்ளைக்கால் குதிரைகளில் இந்த ஒரு விரற்கடை அகலமே எத்தனையோ முறை எனக்கு விடை தந்திருக்கிறது.

பிடரியைப் பற்றி எச்சரிக்கையாக இருக்கவேண்டும். செஸ்ட்நட்டின் பிடரி உடலின் நிறத்தில் இருக்கலாம், சணல்போல வெளுத்திருக்கலாம், உடலைவிடக் கருத்தும் இருக்கலாம். லிவர் செஸ்ட்நட் என்று சொல்லப்படும் ஈரல் நிறக் குதிரையின் பிடரி சில சமயம் நிழலில் கறுப்பாகவே தோன்றும். அப்போது பிடரியிலிருந்து ஒரே ஒரு முடியை எடுத்து, வேருக்கு அருகிலுள்ள பகுதியை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். நுனியைப் பார்க்கவேண்டாம், வெயிலில் உண்மையான கறுப்பு முடியின் நுனிகூடச் செம்பட்டையாகிவிடும். வேர்ப்பக்கம் ஒளிபட்டதும் செம்பழுப்பாக மாறினால் அது கருத்த சிவப்பு, ஒளிபட்டும் கறுப்பாகவே நின்றால் கறுப்பு. இது ஆய்வகச் சோதனைக்கு ஈடாகாது. ஆனாலும் லாயத்து வாசலில் நின்றுகொண்டு முடிவெடுக்கவேண்டிய வேளையில் நல்ல துணை. உங்கள் பெண்குதிரையின் பிடரியில் 'சில கரிய முடிகள்' இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய நான்காவது படத்தில் அதன் முன்கால்கள் முழங்காலுக்குக் கீழே உடலைவிட ஒரு படி வெளிறியிருப்பது தெளிவாகத் தெரிகிறது. பே குதிரைக்குக் கால் அப்படி இராது. ஐந்தாவது படத்தில் காதோரமும் செம்பழுப்பாகவே இருக்கிறது. பிடரியில் கலந்த கரிய முடிகளைக் கொண்டு மட்டும் அதைப் பே என்று சொல்ல மாட்டேன்.

குளிர் காலத்தில் அதன் உடல் கருப்பதும் வழக்கமானதே. செஸ்ட்நட் குதிரைகள் பலவற்றின் நீண்ட குளிர்காலமயிர் வேறு சாயலில் வளர்கிறது. சிலவற்றில் சிவப்போடு கரிய முடிகளும் மேலே தூவியதுபோலக் கலந்திருக்கும். இதைச் சூட்டி, அதாவது புகைபடிந்த நிறம் என்பார்கள். இன்னும் சிலவற்றின் உடலில் கட்டைவிரல் அளவில் கரும்புள்ளிகள் தோன்றும். இவற்றுக்குப் பெண்ட் ஓர் புள்ளிகள் என்று பெயர்.

பெண்ட் ஓர் என்பது 1880-ல் இங்கிலாந்தின் எப்சம் டெர்பி பந்தயத்தில் வென்ற செஸ்ட்நட் குதிரை. அதன் கதையை நீங்கள் அறிந்திருப்பது நல்லது. பந்தயம் முடிந்த பிறகு, இரண்டாவதாக வந்த குதிரையின் உரிமையாளர்கள், வென்றது பெண்ட் ஓரே அல்ல, அதே பொலிகுதிரைக்குப் பிறந்த டாட்காஸ்டர் என்ற இன்னொரு செஸ்ட்நட் என்று முறையிட்டார்கள். குட்டிப் பருவத்தில் இரண்டும் மாறிப்போயின என்பது அவர்கள் வாதம். விசாரித்த பந்தய அதிகாரிகள் முறையீட்டைத் தள்ளினார்கள். ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, பாதுகாக்கப்பட்டிருந்த எலும்புக்கூட்டிலிருந்து எடுத்த தாய்வழி மரபணுவைப் பரிசோதித்தபோது, முடிவு முறையிட்டவர்களின் பக்கமே சாய்ந்தது. ஒரே நிறம் கொண்ட இரண்டு செவலைக் குட்டிகளைப் பிரித்தறிவதற்கு நிறத்தின் பெயர் உதவாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று என்னிடம் இல்லை. அதனால்தான் ஆவணத்தில் நிறத்தோடு நெற்றிச் சுழி, வெள்ளைக் குறிகள், அவற்றின் ஓரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதையெல்லாம் வரைந்து காட்டச் சொல்கிறார்கள். அந்தப் பகுதியை நிரப்புவதில் அவசரம் காட்டாதீர்கள்.

இனி சோரல். இதில் நண்பர்களுக்குள் மனத்தாங்கல் வரத் தேவையே இல்லை. மரபணு அளவில் செஸ்ட்நட்டும் சோரலும் ஒன்றே. பெயரிடும் வழக்கம்தான் வேறு. அமெரிக்கக் குவார்ட்டர் குதிரைப் பதிவில் இரண்டு பெயர்களும் உண்டு. செம்புச் சிவப்பாக இருப்பதைச் சோரல் என்றும், கருஞ்சிவப்பாகவோ பழுப்பு கலந்த சிவப்பாகவோ இருப்பதைச் செஸ்ட்நட் என்றும் அங்கே எழுதுவார்கள். தரோபிரெட் பந்தயக் குதிரைகளின் பதிவிலோ சோரல் என்ற பெயரே கிடையாது, எல்லாமே செஸ்ட்நட். சஃபோக் பஞ்ச் என்ற கனத்த உழவுக் குதிரை இனத்தில் எல்லாக் குதிரைகளும் இந்த ஒரே அடிப்படை நிறம்தான். அதற்குள்ளேயே ஏழு சாயல்களை அந்த இனத்தார் பிரித்துப் பெயரிட்டிருக்கிறார்கள், ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் நடுவிலுள்ள ஒரு எழுத்தையும் விட்டுவிட்டுத் தனியாக எழுதுகிறார்கள். எனவே உங்கள் குதிரை எந்தப் பதிவேட்டில் இருக்கிறதோ அந்தப் பதிவேட்டின் சொல்லை எழுதுங்கள். உங்கள் ஆவணத்தில் செஸ்ட்நட் என்று இருக்கிறது, அது சரி. நண்பர் வேறொரு வழக்கத்தில் பழகியவராக இருப்பார்.

குட்டிக்கு வருகிறேன். குட்டி பே ஆக இருக்குமா என்ற கேள்விக்குக் கண்ணைவிடக் கணக்கு நன்றாக விடை சொல்லும். செஸ்ட்நட் ஒடுங்கு பண்பு. இரு படிகளும் பழுதாக இருந்தால்தான் அது வெளிப்படும். ஆகவே இரண்டு பே குதிரைகள் ஒவ்வொன்றும் ஒரு பழுதான படியை மறைவில் வைத்திருந்தால் அவற்றுக்குச் செஸ்ட்நட் குட்டி பிறக்கலாம். 1973-ல் அமெரிக்காவின் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்ற செக்ரடேரியட் அப்படிப் பிறந்ததுதான். அதன் தந்தை போல்ட் ரூலர் கருமை கலந்த பே, தாய் சம்திங்ராயல் பே, மகனோ 'பெரிய சிவப்பன்' என்று கொண்டாடப்பட்ட சுடர்விடும் செஸ்ட்நட். மறுதலையாக நடக்காது. இரண்டு செஸ்ட்நட் குதிரைகளிடம் கறுப்பைத் தரும் படி ஒன்றுகூட இல்லாதபோது, அவற்றின் குட்டி அதை எங்கிருந்து பெறும்? மெண்டலின் விதிகள் மீண்டும் கண்டெடுக்கப்பட்ட சில ஆண்டுகளிலேயே, 1906-ல், ஹர்ஸ்ட் என்பவர் பந்தயக் குதிரைகளின் வம்சாவளிப் பதிவேடுகளைப் புரட்டி இந்த விதியை எடுத்துக்காட்டினார். மரபணுவை எவரும் கண்ணால் காணாத காலத்தில் கண்டறிந்த அந்த விதி இன்றும் அசையவில்லை.

எனவே தாயும் தந்தையும் உண்மையிலேயே செஸ்ட்நட் என்றால் உங்கள் குட்டி பே அல்ல. 'உண்மையிலேயே' என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். நான் தவறிய இடம் அதுதான்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டில் ஒரு பெண்குதிரையின் ஆவணத்தை நிரப்பினேன். சாக்லேட்டுக்கும் செம்புக்கும் இடைப்பட்ட உடல், வெள்ளி இழைகளைப் போன்ற பிடரி, வெளுத்த வால். ஃபிளாக்ஸன் எனப்படும் சணல்பிடரிச் செஸ்ட்நட் என்று இரண்டே நிமிடங்களில் எழுதிக் கையெழுத்திட்டேன். அதன் கீழ்க்கால்கள் புகையடித்த பழுப்பாக, உடலைவிடக் கருத்து இருந்ததைப் பார்த்தேன். பார்த்தும், ஈரமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். இரண்டு ஆண்டுகள் கழித்து அது செஸ்ட்நட் பொலிகுதிரை ஒன்றுக்கு ஈன்ற குட்டி, வளர வளரக் கறுத்த கால்களும் கறுத்த பிடரியுமாக, எவரும் மறுக்கமுடியாத பே ஆக நின்றது. உரிமையாளர் நான் எழுதிய ஆவணத்தை நம்பினார், அதனால் இணைசேர்த்த அன்று குதிரையைப் பிடித்து நின்ற மனிதரை நம்பவில்லை. அந்த மனிதர் வேலையை விட்டே போய்விட்டார். பிறகுதான் முடிகளை ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். தந்தை சரியான தந்தைதான். தாய்தான் செஸ்ட்நட் அல்ல. அது சில்வர் என்ற மரபணுவைச் சுமந்த பே. சில்வர் கறுப்பு நிறமியை மட்டும் வெளிறச் செய்யும், சிவப்பைத் தொடாது. எனவே பே குதிரையின் கறுத்த பிடரி வெள்ளியாகவும் கறுத்த கால்கள் பழுப்பாகவும் மாறி, உடல் மட்டும் சிவப்பாக நிற்கும். அந்தப் புகைப்பழுப்புக் கால்கள் உண்மையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தன, நான்தான் கேட்கவில்லை. அந்த மனிதரைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து, சணல் நிறப் பிடரியைப் பார்த்தால் கீழ்க்காலை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு மறுபடி பார்க்காமல் நான் கையெழுத்திடுவதில்லை.

சில்வரைப் பற்றி மருத்துவர் என்ற முறையில் ஒரு சொல் கூடுதலாகச் சொல்லியாகவேண்டும். இந்த மரபணு பிறவிக் கண் குறைபாடுகளோடு தொடர்புடையது. ஒரு படி இருந்தால் பெரும்பாலும் கண்ணுக்குள் நீர்க்கட்டிகளோடு நிற்கும், இரண்டு படிகள் இருந்தால் குறைபாடு கடுமையாகும். செஸ்ட்நட் குதிரையில் வெளிறச் செய்யக் கறுப்பே இல்லாததால், சில்வர் இருந்தாலும் வெளியே தெரியாது. சில்வர் காணப்படும் இனங்களில் செஸ்ட்நட்டை இணைசேர்க்கும் முன் சோதித்துவிடும்படி நான் எப்போதும் வற்புறுத்துவேன்.

உங்கள் பெண்குதிரையின் பிடரி உடலைவிடச் சற்றுக் கருத்தது, கால்கள் வெளிறியவை. இது சில்வருக்கு நேர்மாறான தோற்றம். ஆகவே தாயைப் பற்றிய என் ஐயம் மிகச் சிறியது. பொலிகுதிரையின் படத்தை நீங்கள் அனுப்பவில்லை. அதன் கால்களையும் பிடரியையும் மேலே சொன்ன முறையில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அடுத்தது முதுகுக் கோடு. கோட்டைக் கண்டதும் டன் என்று சொல்வது மிகப் பரவலான பழக்கம். டன் என்பது உடலின் நிறத்தை வெளிறச் செய்யும் ஓங்கு பண்பு, அதாவது ஒரு படி இருந்தாலே வெளிப்பட்டுவிடும். தாய் தந்தையரில் ஒருவராவது டன்னாக இருந்தாலொழியக் குட்டி டன் ஆகாது. செஸ்ட்நட் அடிப்படைமேல் டன் அமர்ந்தால் அதுதான் ரெட் டன். உடல் வெளிறிய செம்மணல் நிறமாகவும், தலை, பிடரியின் நடு, கீழ்க்கால் ஆகியவை அதைவிட ஆழ்ந்த சிவப்பாகவும் இருக்கும். அதன் முதுகுக் கோடு கோல் வைத்துக் கிழித்ததுபோலக் கூரிய ஓரங்களோடு வாலின் நடுமயிருக்குள் ஓடி மறையும். பெரும்பாலும் முழங்கால்களில் குறுக்குப் பட்டைகளும், தோள்மேட்டில் ஒரு குறுக்கு நிழலும் கூடவே இருக்கும். இந்த வெளிறலின் வழி வியப்பானது. டன் குதிரையின் உடல் மயிரைக் குறுக்காக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால், நிறமி முடியின் ஒரு பக்கமாக மட்டும் ஒதுங்கியிருக்கும், மறுபக்கம் ஏறக்குறைய வெறுமையாக இருக்கும். முதுகுக் கோட்டின் முடியிலோ நிறமி சுற்றிலும் நிறைந்திருக்கும். நிறமியின் அளவைவிட அது அமர்ந்திருக்கும் இடம்தான் நம் கண்ணுக்கு வெளிறலாகத் தெரிகிறது. இதற்குக் காரணமான டிபிஎக்ஸ்3 என்ற மரபணுவில், வெளிறல் இல்லாமல் கோட்டை மட்டும் காட்டக்கூடிய ஒரு படியும் உண்டு. எனவே கோடு மட்டும் இருந்தால் டன் என்று சொல்லிவிட முடியாது.

அதைவிட முக்கியமானது, குட்டிகளின் முதுகில் இத்தகைய நிழற்கோடு அடிக்கடி தோன்றி, குட்டிமயிர் உதிரும்போது மறைந்துபோகும் என்பது. உங்கள் இரண்டாவது படத்தில் கோட்டின் ஓரம் மங்கி உடல் நிறத்தோடு கரைகிறது. பிட்டத்தருகில் அகன்று, வாலுக்கு வருமுன்னே தேய்ந்துவிடுகிறது. கால்களில் பட்டை இல்லை. தாயும் தந்தையும் டன் அல்ல. இது குட்டிப் பருவத்து நிழல்தான் என்று நான் கருதுகிறேன். வெளுத்த கால்களுக்கும் அதே விளக்கம்தான். பே குட்டிகூடப் பிறக்கும்போது வெளுத்த கால்களோடுதான் பிறக்கும், குட்டிமயிர் உதிர்ந்த பிறகே கறுப்பு வெளிவரும். அதனால் ஆறு வாரக் குட்டியின் காலைப் பார்த்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. பெரிய குதிரைக்கு முதல் சாட்சியான கால், குட்டிக்குக் கடைசி சாட்சி. குட்டியின் காதோரத்தையும் தூரிகைபோல நிமிர்ந்திருக்கும் பிடரியின் உள்மயிரையும் பாருங்கள். பே குட்டிக்கு அங்கே இப்போதே கறுப்பு இருக்கும். உங்கள் குட்டியின் பிடரி உடல் நிறத்திலேயே இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது செஸ்ட்நட்டுக்கே பொருந்துகிறது.

ரோன், கிரே ஆகிய இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குட்டிமயிர் உதிரும்போது வெள்ளை முடிகள் தென்பட்டால் மறுபடியும் யாராவது உங்களைக் குழப்பக்கூடும். ரோன் குதிரையின் உடலில் வெள்ளை முடிகள் சிவப்போடு சீராகக் கலந்திருக்கும், தலையும் கால்களும் மட்டும் அடர்ந்த நிறத்தில் நிற்கும். காயம்பட்டு ஆறிய இடத்தில் வெள்ளை கலவாத சிவப்பு மயிர் முளைக்கும். ஆண்டுகள் போனாலும் தலை வெளுக்காது. கிரேக்கு இது எதிர்மாறு. செவலையாகப் பிறந்த குட்டியின் கண்ணைச் சுற்றிக் கண்ணாடி மாட்டியதுபோல முதலில் வெள்ளை முடிகள் தோன்றும், பிறகு ஆண்டுக்கு ஆண்டு உடல் முழுவதும் வெளுத்துக்கொண்டே போகும். கிரே ஓங்கு பண்பு. பெற்றோரில் ஒருவராவது கிரேயாக இருந்தால்தான் அது வரும். உங்கள் குட்டியின் பெற்றோர் இருவரும் கிரே அல்லர், ஆகவே இந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம். பாலோமினோ என்ற பொன்னிறத்தைச் சிலர் சணல்பிடரிச் செஸ்ட்நட்டோடு குழப்புவார்கள். அது கிரீம் மரபணுவின் ஒரு படி செஸ்ட்நட் அடிப்படையை வெளிறச் செய்வதால் வருவது. உடலில் சிவப்பு மிஞ்சாமல் பொன்மஞ்சளாகிவிடும். உங்கள் படங்களில் அதற்கான அறிகுறி ஏதுமில்லை.

படம் எடுப்பதைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனெனில் உங்கள் ஏழு படங்களில் மூன்றை என்னால் பயன்படுத்த முடியவில்லை. மாலை வெயிலில் எந்தப் பழுப்பும் செம்பாகிவிடும். குளிப்பாட்டிய ஈரத்தோடு எடுத்த படத்தில் எல்லாக் கால்களும் கறுப்பாகத்தான் தெரியும். குதிரையை நன்றாக உலரவிட்டு, மேகமூட்டமான காலையிலோ சீரான நிழலிலோ நிறுத்தி, இரு பக்கங்களையும் எடுங்கள். பிறகு கீழ்க்கால், காதோரம், பிடரியின் அடி, முதுகு, வாலின் மேற்பகுதி ஆகியவற்றைக் கிட்டத்திலிருந்து தனித்தனியே எடுங்கள். அருகில் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்துக்கொண்டால் படத்தின் நிறம் திரிந்திருக்கிறதா என்பதை நான் கண்டுகொள்வேன்.

இவ்வளவுக்குப் பிறகும் ஐயம் மிஞ்சினால் ஆய்வகம் இருக்கிறது. பிடரியிலோ வாலிலோ 20 முதல் 30 முடிகளை வேரோடு பிடுங்கி, உலர்ந்த காகித உறையில் இட்டு அனுப்பவேண்டும். வெட்டிய முடி பயன்படாது, ஏனென்றால் சோதனைக்கு வேண்டிய செல்கள் வேரில்தான் இருக்கின்றன. குட்டியின் முடி மெல்லியது, அதனால் சற்றுக் கூடுதலாக எடுங்கள். நீங்கள் கேட்கவேண்டிய சோதனைகள் இரண்டு. முதலாவது எம்சி1ஆர் சோதனை. அது தாய், குட்டி இரண்டுக்கும் வேண்டும், பொலிகுதிரையின் உரிமையாளர் இசைந்தால் அதற்கும் செய்துவிடுங்கள். இரண்டாவது தாய் தந்தையரை உறுதிசெய்யும் பெற்றோர்ச் சோதனை. பெற்றோர் யார் என்பதை இரண்டாவதுதான் நேரடியாகச் சொல்லும். நிறம் பொருந்துவதால் மட்டும் தந்தை உறுதியாகிவிடாது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்னொரு செஸ்ட்நட் பொலிகுதிரைக்குப் பிறந்தாலும் குட்டி செஸ்ட்நட்டாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் வீட்டில் சந்தேகம் எழுந்ததற்கு இருந்த ஒரே காரணம் குட்டி பே என்ற பேச்சு. அந்தப் பேச்சுக்கு உங்கள் படங்களில் எந்த ஆதாரமும் இல்லை. பணியாளரிடம் இதுவரை எதுவும் கேட்டிருக்கவில்லை என்றால், இனியும் கேட்கவேண்டாம். கேட்டுவிட்டிருந்தால், சோதனை முடிவுக்காகக் காத்திராமல் இப்போதே அவரிடம் பேசிவிடுங்கள்.

குட்டியின் விண்ணப்பத்தில் இப்போதைக்கு நிறம் என்ற இடத்தில் 'செஸ்ட்நட்' என்று எழுதுங்கள். குறிப்பு என்ற இடத்தில், 'முதுகில் ஓரம் மங்கிய கோடு, கால்களில் பட்டை இல்லை, காதோரத்தில் கறுப்பு இல்லை, வயது ஆறு வாரம்' என்று நீங்கள் கண்டதைக் கண்டபடி எழுதி, நாளையும் குறித்துவிடுங்கள். குட்டிமயிர் ஏறக்குறைய மூன்று நான்கு மாத வயதில் கண்ணையும் மூக்கையும் சுற்றி முதலில் உதிரத் தொடங்கும். உள்ளிருந்து வரும் புது மயிர்தான் அதன் சொந்த நிறம். அது உடல் முழுவதும் வந்த பிறகு, நான் சொன்ன முறையில் மறுபடி படம் எடுத்து அனுப்புங்கள். திருத்தம் தேவைப்பட்டால் அப்போது செய்துகொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் கால்நடை மருத்துவர்